சிலுவைக் குறி போட்ட ரேடியோ

நாளைக் காலையில் நீங்கள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக் கடைவீதியில் படி ஏறி இறங்கப் போகிறீர்கள். 'விடுதிப் பிள்ளைகளுக்காக ஏலம் போடுகிறோம், உங்களால் முடிந்த பொருள் ஒன்று கொடுங்கள்' என்று கேட்கப் போகிறீர்கள். வேலைக்காலம் முழுவதும் நான் செய்ததும் அதைத்தான். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி விடுதியில் கேட்டார்கள். எப்படிக் கும்பிடுவது, எப்படிச் சிரிப்பது, இல்லையென்று விரட்டினால் எப்படி மறுபடி போய் நிற்பது என்றெல்லாம் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, கொடுக்கிற கையை எப்படிச் சந்தேகப்படுவது என்பதை.

முகத்தைச் சுளிக்க வேண்டாம். இனாமாக வருகிற பொருளுக்கு என்ன விசாரணை என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்குகிற பொருளைப் பற்றி ஒரே கேள்விதான், விலைக்குத் தகுமா என்று. இனாமாக வருவதைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். இது இவர் கைக்கு எப்படி வந்தது? ஏன் நமக்குக் கொடுக்கிறார்? ஏலத்தில் இதை யார் எடுப்பார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியுமா? கடைசிக் கேள்வியை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது எழுபதுகளில். வெள்ளைச் சேலை கட்டுவேன், அதனால் பாதிப் பேர் என்னைக் கன்னியாஸ்திரி என்று நினைத்து 'சிஸ்டர்' என்றார்கள். நான் திருத்தியதில்லை. சிஸ்டர் என்று நினைத்தால் கொஞ்சம் பெரிய பொருளாக எடுத்துக் கொடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் 'மிஸ்ஸு' என்றார்கள். கடலில் போய்த் திரும்பி வராதவர்களின் பிள்ளைகளுக்கான விடுதி நம்முடையது. அப்போது இதைவிடச் சிறியது. நீளமான ஒரு படுக்கைக் கூடம், ஒரு சமையலறை, பக்கத்தில் பங்குக் கோயில். கோயில் திருவிழா முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வளாகத்தில் நம் ஏலம் நடக்கும்.

நம் கடற்கரையில் கோயில் ஏலம் என்றால் என்ன என்று உள்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நேர்ச்சையாக வந்த கோழி, தேங்காய், முதல் வலைவீச்சில் பட்ட மீன் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் ஒரு மூட்டைத் தேங்காயின் விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அது சாமிக்குப் போகிற காசு என்பதால் இவ்வளவு கொடுத்தாயே, ஏன் கொடுத்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். 'கோயில் ஏலத்துல எடுத்தது' என்று சொல்லிவிட்டால் ஒரு பொருளைப் பற்றிய எல்லாக் கேள்வியும் அங்கேயே முடிந்துவிடும். விடுதி ஏலத்துக்கும் அதே மரியாதைதான். அந்த மரியாதையை நம்பித்தான் நாம் சாப்பிட்டோம். அது எனக்கு உறுத்தியதும் அதனால்தான். எந்தக் கேள்வியும் கேட்காத இடம் எனக்கு மட்டுமா தெரிந்திருக்கும்?

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நம் ஊரில் வசதியான வீடு ஒவ்வொன்றிலும் ஒரு முத்து இருக்கும். கேட்டால், 'கடைசிச் சலாபத்துல எடுத்தது' என்பார்கள். கடைசியாக முத்துக் குளித்த அந்தச் சலாபத்தில் இத்தனை முத்து எடுத்திருந்தால் கடலில் சிப்பியே மிஞ்சியிருக்காது. யாராவது ஏலத்துக்கு முத்து கொடுத்தால், 'முத்து என்று கொடுத்தவர் சொன்ன பொருள்' என்றுதான் கூவ வேண்டும் என்று உபதேசியாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்தான் எங்கள் ஏலத்தைக் கூவுகிறவர். அவர் அதை அப்படியே மணிமணியாகக் கூவுவார், கொடுத்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டு வருடத்தில் முத்துக்களின் வரத்து நின்றுபோனது. எனக்கு வருத்தமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோணி அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் பங்கு, உப்பளத்தில் பங்கு, கரையில் சொந்தமாகச் சில மீன்பிடி வள்ளங்கள். விடுதிக்கு அரிசி கொடுப்பார். புதிதாகப் பிள்ளைகள் வந்தால் பாயும் தலையணையும் அவர் செலவு. பேச்சு தணிந்து வரும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஆபீசுக்குள் வருவார். எங்கள் பங்குச் சாமியாருக்கு அவர்மேல் அளவு கடந்த பிரியம்.

ஒரு வருட ஏலத்துக்கு அவர் வெளிநாட்டு மேசைக் கடிகாரம் ஒன்று கொடுத்தார். அலாரம் அடிக்கிற நேரத்தில் மணிக்குப் பதிலாகப் பாட்டு வரும். ஏலத்தில் அதை நல்ல விலைக்கு எடுத்தவர் அவருடைய சொந்த மச்சினர். கடைவீதியில் ரேடியோ, மின்விசிறி விற்கிற கடை வைத்திருந்தார். கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே வீட்டு ஆட்கள். சாமியாருக்கு ஒரே சந்தோஷம். 'பாருங்க மிஸ், பொருளும் குடுத்து, காசும் குடுக்குறாங்க' என்றார். நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் அரைமனதாக.

சில மாதம் கழித்து அந்தக் கடை வழியாகப் போனேன். கடிகாரம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. 'கோயில் ஏலத்துல எடுத்ததுலா மிஸ்ஸு, ராசியான சாமான், விக்கதுக்கு இல்ல' என்று மச்சினர் சிரித்தார். அதே வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்கு நன்கொடை கேட்டுப் போனேன். அவர் மேசையில் அதே கடிகாரம், அதே பாட்டு. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அந்தக் கடையைத்தான் சொன்னார். 'சர்ச் ஏலத்துல வந்ததாம், நான் கெஞ்சிக் கேட்டதால குடுத்தாங்க' என்று பெருமையாகச் சொன்னார். நான் திரும்பி வரும்போது வேண்டுமென்றே கடைவீதியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். டாக்டருக்கு விற்ற கடிகாரம் கடை அலமாரியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

விளங்குகிறதா? அது கொழும்பில் ஜப்பான் சாமான்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட சமயம். அங்கே மலிவு, இங்கே கொண்டுவரத் தடை. வள்ளத்தில் கள்ளத்தனமாக வந்து இறங்கும் சாமானைக் கடையில் வைத்தால் சுங்க இலாகாக்காரர்கள் கேட்பார்கள். கோயில் ஏலத்தில், ஊர் முழுக்கப் பார்க்க எடுத்த ஒரு சாமான் கடையில் இருந்தால் கேட்க மாட்டார்கள். அந்த ஒன்று விற்றுக்கொண்டே இருக்கும், அலமாரியில் குறையவும் குறையாது. கள்ளக்கடத்தலைக் கழுவி எடுக்கிற தொட்டியாக நம் விடுதியை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? இரண்டு கடிகாரம் ஒரே மாதிரி இருந்தது என்பதை வைத்து ஊரின் பெரிய மனுசரை என்ன கேட்க முடியும்? நான் பேசாமல் இருந்தேன். ஆனால் மறக்கவில்லை.

அடுத்த வருடம் கோடைக் காற்றில் படுக்கைக் கூடத்தின் தகரக் கூரை பறந்துபோனது. பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்திருந்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும். அந்த ஏலத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. அப்போதுதான் தோணி அண்ணாச்சி வந்தார். பின்னாலேயே ஆள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ரேடியோவும் டேப்பும் சேர்ந்த புத்தம்புது டூ-இன்-ஒன்.

"மிஸ்ஸு, இத வச்சிக்கிடுங்க. கூரைக் கவலைய விடுங்க. மச்சினன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். கூரை போடுத அளவுக்குக் கேட்டு எடுத்துக்கிடுவான்" என்றார்.

அதாவது ஏலம் நடப்பதற்கு முன்பே, யார் எடுப்பார், எவ்வளவுக்கு எடுப்பார் என்பது முடிந்துவிட்டது. சாமியாரின் கண் கலங்கிவிட்டது. நான் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தேன். அது என்னமோ எங்கள் கூரை முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருப்பதுபோல எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று முழுக்க யோசித்தேன். வாங்காமல் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நிரூபிக்க வேண்டும். பேசாமல் விட்டால் கூரை வரும். ஆனால் என்றைக்காவது ஒருநாள் அந்தக் கடையில் சோதனை நடக்கும், 'எங்கிருந்து வந்தது' என்று கேட்பார்கள், கை நம் வாசலை நோக்கி நீளும். அன்றைக்கு விடுதிக்குப் பூட்டு. பிள்ளைகள் எங்கே போவார்கள்? நெருக்கடியில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளை எப்படிப் பிடிப்பது என்று யோசிக்காமல், ஆள் நல்லவராக இருந்தால் எதற்குச் சங்கடப்பட மாட்டார் என்று யோசிப்பேன். நீங்களும் அப்படி யோசித்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு நாம் காதில் வெட்டு வைப்போம், தெரியுமல்லவா? அது சாமிக்கு உரியது, விற்கக் கூடாது, வேறு ஆட்டை அதன் இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கான குறி. மறுநாள் காலை நான் சாமியாரிடம் போய், இந்த வருடம் ஏலத்துக்கு வருகிற எல்லாப் பொருளுக்கும் அப்படிக் குறி போடலாம் என்றேன். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் காய்ச்சிய கம்பியால் சிலுவைக் குறி, பித்தளைக்கு உளிக்கோடு.

"நல்ல பொருளை எதுக்குக் கெடுக்கணும் மிஸ்?" என்றார்.

"நேர்ச்சைப் பொருள் சாமி. ஆட்டுக்கு ஒரு நியாயம், ரேடியோவுக்கு ஒரு நியாயமா?"

அவருக்கு என் மனதில் இருப்பது தெரியாது. ஆட்டைப் பற்றிச் சொன்னதும் தலையாட்டிவிட்டார். அவர் நல்லவர். நல்லவர்களிடம் எல்லாக் காரணத்தையும் சொல்லிப் பாரம் ஏற்றக் கூடாது என்பது என் கொள்கை.

செய்தி ஊருக்குள் போனது. குத்துவிளக்கு கொடுத்த அம்மா, 'போடுங்க, எங்க வீட்டுச் சாமான்னு அடையாளம் தெரியும்லா' என்றாள். தேக்குமுக்காலி செய்து கொடுத்த தோணித் தச்சர், குறியைத் தானே செதுக்கித் தருவதாகச் சொன்னார். பேக்கரிக்காரர் மட்டும் சண்டைக்கு வந்தார்.

"மக்ரூன்ல எங்கன சூடு போடுவீய மிஸ்ஸு?"

"டின்னு மேல போடுவேன்."

"அப்பன்னா சரி" என்று போய்விட்டார்.

சாயங்காலம் தோணி அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"மிஸ்ஸு, பளபளன்னு இருக்க சாமான்ல சூடு போட்டா எவன் விலைக்குக் கேப்பான்? அது ஒண்ண மட்டும் விட்டுருங்க."

நியாயமான பேச்சு. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். "எடுக்கப்போறது உங்க மச்சினருதான அண்ணாச்சி? வீட்டுல வச்சிப் பாட்டுக் கேக்கப் போறாவ. விக்கவா போறாவ?" என்றேன். குரலை எவ்வளவு தேனாக வைக்க முடியுமோ அவ்வளவு தேனாக வைத்துக்கொண்டேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "ஏளா, கூரை இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு ரொம்ப யோசிக்கப்பிடாது" என்றார். மிஸ்ஸு போய், வீட்டுப் பெண்ணை அதட்டுவதுபோல அவர் என்னை ஏளா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. அந்தத் தணிந்த குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார். பயந்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பியைக் காய்ச்சச் சமையலறைக்குத்தான் போக வேண்டும். அங்கே பிரகாசி இருந்தாள். எங்கள் விடுதிச் சமையல்காரி. முந்தின வருடம் புருசனைக் கடலில் பறிகொடுத்தவள். அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் விடுதியில்தான் இருந்தார்கள், அவளுக்கும் இங்கேயே வேலை கொடுத்திருந்தோம். அவளையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்தவர் தோணி அண்ணாச்சி. அவருடைய வள்ளத்தில்தான் அவள் புருசன் போனான். மீன்பிடிக்கப் போய்க் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது என்பது ஊர் அறிந்த சேதி.

நான் கம்பியை அடுப்பில் செருகிவிட்டு, டூ-இன்-ஒன்னைப் பலகைமேல் வைத்தேன். பிரகாசி அதைப் பார்த்துக்கொண்டே அரிசி களைந்தாள்.

"இது யாரு குடுத்தது மிஸ்ஸு?"

"தோணி அண்ணாச்சி."

"கொழும்புச் சாமானா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டு அவிய போன அன்னைக்கு அண்ணாச்சியே வாசலுக்கு வந்து கூப்பிட்டாவ. மீனுக்குன்னு சொன்னாவ. அவிய போன பொறவு நான் கொல்லையில பாக்கேன், வல கொடியில காயுது" என்றாள். அழவில்லை. நேற்றுக் காய் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "வலையில்லாம என்ன மீனு மிஸ்ஸு?"

கடிகாரம், கடை, கழுவுகிற தொட்டி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அந்தச் சாமான் கரைக்கு வருகிற வழியில் ஆள் சாவான் என்று யோசிக்கவே இல்லை. நம் விடுதியில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேருடைய தகப்பன் வலையைக் கொடியில் விட்டுவிட்டுப் போனானோ. இவளிடமும் நான் கேட்டதில்லை, வேறு எந்தத் தாயிடமும் கேட்டதில்லை.

கம்பி சிவந்துவிட்டது. பிளாஸ்டிக் வழுக்கும், ஒரு ஆள் பிடிக்க வேண்டும். பிரகாசி இரண்டு கையாலும் பெட்டியை அழுத்திக்கொண்டாள். "போடுங்க" என்றாள். முன்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு மேலே, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி சிலுவையை இழுத்தேன். புகைநெடி சமையலறையைவிட்டு நெடுநேரம் போகவில்லை.

ஏலத்தன்று நல்ல கூட்டம். முன்வரிசையில் சாமியாருக்குப் பக்கத்தில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த சுங்க அதிகாரி. அவரை விருந்தாளியாகக் கூப்பிடச் சொன்னது நான்தான். அண்ணாச்சியும் மச்சினரும் இரண்டாம் வரிசையில். விளக்கு போனது, முக்காலி போனது, மக்ரூன் டின்கள் சிரிப்புக்கு நடுவே போயின. உபதேசியார் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக் காட்டினார். வெயிலில் அந்தக் கறுப்புச் சிலுவை நன்றாகத் தெரிந்தது.

"யாரு கேக்கா?"

எல்லோரும் திரும்பி மச்சினரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். குறி போட்ட பெட்டி ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான். அதை அலமாரியில் வைத்துக்கொண்டு குறியில்லாததை விற்க முடியாது. உபதேசியார் மறுபடியும் கூவினார். கொடுத்தவருடைய மச்சினரே கேட்காத பொருள், அதுவும் வெளிநாட்டுப் பொருள், முன்னால் சுங்க அதிகாரி. கூட்டத்துக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை அதன்மேல் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். சாமியார் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எங்கள் கூரை காற்றில் கரைவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு ரூவா."

டீ அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து பிரகாசி.

உபதேசியார் என்னைப் பார்த்தார். பொருளை ஏலத்திலிருந்து எடுத்துவிடு என்று ஒரு சைகை காட்டினால் போதும். நாளைக்கு அண்ணாச்சியிடமே நயந்து பேசி வேறு விதமாகப் பணம் வாங்கலாம், பிள்ளைகள் மழையில் நனைய வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் இதெல்லாம் என் மனதில் ஓடியது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். பிறகு கொடியில் காய்ந்த வலை ஞாபகம் வந்தது. கூவுங்கள் என்று தலையை அசைத்தேன்.

"அஞ்சு ரூவா ஒருதரம்."

அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. அவள் புருசன் யாருடைய வள்ளத்தில் போனான் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை.

"ரெண்டு தரம். மூணு தரம்."

பிரகாசி நடந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வரிசைக்கு எதிரே வந்ததும் நின்றாள். "கும்பிடுதேன் அண்ணாச்சி. ஒங்க சாமான் பத்திரமாக் கரைக்கு வந்துட்டு" என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சி எழுந்து போனார். அவர் எங்கள் வாசலுக்கு அப்புறம் வரவே இல்லை, அரிசியும் நின்றது. சுங்க அதிகாரி கிளம்பும்போது என்னிடம், "அந்தக் குறி நல்லா இருக்கு மேடம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் மச்சினர் கடைப் பக்கம் போனேன். கண்ணாடி அலமாரியில் உள்ளூர் மின்விசிறிகள்தான் இருந்தன, கடிகாரத்தையும் காணவில்லை.

இங்கே நீங்கள் ஒரு நல்ல முடிவை எதிர்பார்ப்பீர்கள், யாரோ ஒரு புண்ணியவான் ஓடு வாங்கிக் கொடுத்தார் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிடைத்த பணத்துக்குப் பனையோலை வேய்ந்தோம். ஐப்பசி முதல் மழையிலேயே ஒழுகியது. கூடத்தின் ஒரு மூலையில் குடம், மறு மூலையில் வாளி, நடுவில் பிள்ளைகள். சின்னவர்கள் சிலருக்குக் காய்ச்சல். சாமியார் என்னைக் குறைசொல்லவில்லை, 'மழை விடலையே மிஸ்' என்று மட்டும் சொன்னார். அது குறைசொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. சந்தேகப்படுவதற்கு விலை உண்டு, அந்த விலையைச் சில சமயம் நீங்கள் கொடுக்க மாட்டீர்கள், பிள்ளைகள் கொடுப்பார்கள். அதையும் தெரிந்துகொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

மழை வலுத்த ஒரு சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரையும் சமையலறைக்குக் கொண்டுவந்து விட்டோம். அங்கே மட்டும்தான் ஓட்டுக்கூரை. மிளகாய் டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அந்த டூ-இன்-ஒன் இருந்தது. மச்சினர் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டிருந்தார், பிரகாசி கொடுக்கவில்லை. பாட்டுக்கூட அதில் அவள் அதிகம் வைத்ததில்லை. செய்தி முடிந்து மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பு வருகிற நேரத்துக்கு மட்டும் திருகுவாள்.

அன்றும் திருகினாள். காற்று பலமாக வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோவில் ஒருவர் நிதானமாக வாசித்தார். சன்னலுக்கு வெளியே மீனவர் தெருப் பெண்கள் நாலைந்து பேர் முக்காட்டோடு மழையில் நின்று கேட்டார்கள். தினமும் வருகிறார்களாம், எனக்கு அன்றுதான் தெரியும்.

"நல்ல காரியம் பண்ணுத பிரகாசி" என்றேன்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அவிய போன அன்னைக்கும் இப்படித்தான் வாசிச்சானாம் மிஸ்ஸு. பொறவுதான் கேள்விப்பட்டேன்" என்றாள். "அண்ணாச்சி வீட்டுல ரேடியோ இருந்துச்சு. எங்க வீட்டுல இல்ல."

பிறகு எழுந்து போய், வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.